கீல் வாடை

கால்கேதோன்,
அறுவடைக்கு முந்திய முழுநிலா.

பாசியாதஸ் தன் அக்கா மெலித்தோவுக்கு எழுதுவது. நீ நலமாக இருந்தால் நல்லது. நானும் நலம்தான், மூக்கைத் தவிர.

உன் வீட்டிலிருந்து திரும்பி இத்தனை நாளாகியும் அந்த நாற்றம் என்னை விடவில்லை. மேலாடையைச் சாம்பல் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தேன். அப்படியும் ஏரில் பூட்டப் போனால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் முற்றத்தில் கால் வைத்ததும் வழுக்கினேனே, அது சூரை மீனின் குடல். உப்புத் தொட்டியில் மிதந்த தலைகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் கண்மேல் ஈ. அத்தான் எனக்கு மீன் எடுத்து வைத்த விரலில் செதில் ஒட்டியிருந்தது. அவர் தாடியிலும் இருந்தது. நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்ததை அவர் உங்கள் பைசாந்தியம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாராம். படகோட்டி மிக்கோஸ் சொன்னான்.

விருந்தில் அவர் என்ன கேட்டார், நினைவிருக்கிறதா? "ஏன் மாப்ளே, உங்க முன்னோருங்க மெகாராலேர்ந்து வந்து எறங்குனப்ப எதிர்க்கரையில இந்தக் கடற்கழி கண்ணுல படலயா? இல்ல, அன்னிக்கு எல்லாருக்கும் ஒரேயடியா கண்வலியா?" கூட்டமே சிரித்தது. நீயும் வாயைப் பொத்திக்கொண்டாய். பார்த்தேன்.

நம் முன்னோர் மண்ணைப் பார்த்து இறங்கினார்கள். உங்கள் முனை வெறும் பாறை. அங்கே மீன் தானாக வந்து விழும் என்று எவனுக்குத் தெரியும்?

ஆகவே, மோய்ரிஸுக்கு நிக்காசோவைக் கேட்டாயே, அது நடக்காது. உன் மகன் நல்ல பிள்ளை. முறைமாப்பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண்ணைக் குடல் அள்ள அனுப்ப மாட்டேன். நீ கொடுத்துவிட்ட உப்புமீன் ஜாடியை நாய்க்குப் போட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

*

பைசாந்தியம்,
அறுவடைக் காலம்.

தம்பிக்கு மெலித்தோ. நீ, நிக்காசோ, மாடு எல்லாரும் சுகமா? இங்கே சுகம்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாதது எவ்வளவு வசதி. வேண்டியதை மட்டும் படித்தேன்.

"என்ன எழுதியிருக்கான் உன் தம்பி?"

"விருந்து நல்லாயிருந்துச்சாம்."

"பொய் சொல்லாத. வந்தவேகத்துல எல்லாத்தையும் வெளிய எடுத்தவன் அவன்."

நான் சிரித்தது உண்மைதான். உன் முகம் போன போக்கு அப்படி. சின்ன வயதில் ஆட்டுப்பாலில் ஆடை மிதந்தாலே ஓடுவாய். கோபித்துக்கொள்ளாதே. மோய்ரிஸ் எதுவும் பேசுவதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் படித்துறையில் நின்று உன் கரையைப் பார்க்கிறான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு ஜாடி அனுப்புகிறேன், நாய்க்கே இருக்கட்டும். ஓர் உதவி செய். அப்பாவின் நிலத்துப் பார்லியில் நாலு மூட்டை மிக்கோஸிடம் கொடுத்துவிடு. ருசிக்காகத்தான். மதிலுக்கு வெளியே இருக்கும் எங்கள் நிலத்தில் இந்த வருடம் அறுக்கப் போகவில்லை. வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. நலமாயிரு.

*

கால்கேதோன்,
போரடித்து முடித்த மறுநாள்.

அக்காவுக்குப் பாசியாதஸ். சுகமாயிரு. இங்கே எல்லாரும் சுகம். நாயும் சுகம்.

விளைச்சலில் குறையில்லை. ஆனால் பார்லி தர முடியாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. சொல்கிறேன், அத்தானிடம் மூச்சு விடாதே.

இலையுதிர்காலத்தில் சூரை மீன் கருங்கடலிலிருந்து கொழுத்து இறங்கும்போது எந்தக் கரையை ஒட்டி வருகிறது? எங்கள் கரையை. மேட்டில் நின்றால் தண்ணீர் கறுத்து வருவதைப் பார்க்கலாம். கல்லெறிந்தால் மீன்மேல் விழும். பிறகு எங்கள் கரையின் பசுமுனைக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பாறை வருகிறது. தண்ணீருக்கடியில் அது பளபளப்பதைக் கண்டு மிரண்டு, மந்தை மொத்தமும் திரும்பி எதிர்க்கரைக்கு ஓடிவிடுகிறது. நேரே உங்கள் கழிக்குள். அத்தான் செய்வதெல்லாம் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவருடைய செல்வமும் எங்களுக்குக் கிடைத்த குருடர் ஊர் என்ற பட்டமும் ஒரு பாறையின் நிறத்தில் இருக்கின்றன. நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஊர்க்கூட்டத்தில் நான்தான் எழுந்தேன். "பாறை வெள்ளையா இருக்கறதுதான தொல்லை? கறுப்பாக்கிட்டுப் போவோம்" என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவனும் சிரிக்கவில்லை. பழைய கப்பல் பாய்களைச் சேர்த்துத் தைத்து, படகுக்குப் பூசும் கீலில் ஊறவைத்து, கல் கட்டிப் பாறைக்குப் போர்த்தப்போகிறோம். கீல் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பார்லி. யோசனை என்னுடையது என்பதால் என் பங்கு அதிகம்.

மீன் எங்கள் பக்கம் நிற்கட்டும். அப்போது நானே நிக்காசோவைக் கூட்டிவந்து உன் வீட்டில் விடுகிறேன். வாந்தி எடுத்தவன் மகள் என்று அங்கே எவனும் சொல்லக்கூடாது.

*

பைசாந்தியம்,
உன் கடிதம் வந்த அன்றே.

தம்பிக்கு அக்கா. சுகம் விசாரிக்க நேரமில்லை, மிக்கோஸ் காத்திருக்கிறான்.

அதைச் செய்யாதே. நீ பாறையைப் பார்க்கிறாய், தண்ணீரைப் பார்க்கவில்லை. மிக்கோஸைக் கேள். உன் கரையிலிருந்து அவன் நேரே இங்கே வந்ததுண்டா? பசுமுனை வரை கரையோரமாகவே மேலே துடுப்புப் போடுகிறான். அங்கிருந்து துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டால் நீரோட்டமே அவனை எங்கள் படித்துறையில் கொண்டுவந்து போடுகிறது. மீனும் அப்படித்தான் வருகிறது. பசுமுனையில் ஒருவன் செருப்பைத் தவறவிட்டால் மறுநாள் இங்கே பொறுக்கலாம். போன மாதம் செத்த ஆடு ஒன்று ஊதிப்போய் வந்து எங்கள் படியில் முட்டிக்கொண்டு நின்றது. உன் கீலும் இங்கேதான் வரும்.

இங்கே இப்போது ஒரு விருந்தாளி. மதிலுக்கு வெளியே வாழும் திரேசியர் தலைவனின் ஆள். கையில் ஒழுகும் கொழுப்பை என் திரைச்சீலையில் துடைக்கிறான். சாப்பிட்டுக்கொண்டே தரையில் துப்புகிறான். அத்தான் அவனுக்குத் தண்ணீர் கலக்காத மது ஊற்றி, "மீன் வரட்டும், ஒங்க பங்கு தானா வந்து சேந்துடும்" என்று சிரிக்கிறார். அது உன்னிடம் சிரிக்கும் சிரிப்பல்ல. 

கீல் வாங்காதே. இரண்டு மூட்டை அனுப்பினால் போதும். ஒரு மூட்டை என்றாலும் சரி.

*

கால்கேதோன்,
கோடையின் கடைசி.

அக்காவுக்குப் பாசியாதஸ். நலம். நீயும் நலமென்று நம்புகிறேன்.

அத்தான் சொல்லித்தானே அப்படி எழுதினாய்? மூச்சு விடாதே என்றேன், நீ முழுக்கதையையும் ஊதிவிட்டாய். மீன் போய்விடுமோ என்று பயந்துவிட்டார் மனிதர். செருப்பு வருமாம், ஆடு வருமாம். நீரோட்டத்தைப் பற்றி எனக்கே பாடம்.

பார்லி போய்விட்டது. விதைக்கு வைத்ததைத் தவிர எல்லாம் கீலாக மாறி என் களத்தில் கொதிக்கிறது. அப்பாவின் படகுப் பாயையும் எடுத்துத் தைத்தாயிற்று. மீனிலேயே புரள்கிறவர்களுக்குப் பார்லி ருசி எதற்கு? உன் வீட்டு நாற்றம் மேலே ஒட்டுவது மட்டுமில்லை, உள்ளேயும் போகும் போலிருக்கிறது.

நிக்காசோ இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. "அத்தை ஒரு மூட்டைன்னு எறங்கி வந்து கேட்டுருக்காங்க, ஏன்னு யோசிச்சீங்களாப்பா?" என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ருசி.

*

பைசாந்தியம்,
திராட்சை பறிக்கும் காலம்.

தம்பிக்கு மெலித்தோ. இங்கே சுகம்.

அத்தானிடம் நான் சொல்லவில்லை. தானியத் தேவி தெமெதர் மேல் ஆணை. சொல்லியிருந்தால் இந்த ஊர்க்காரர்கள் ஆயுதத்தோடு படகேறி வந்திருப்பார்கள், முதலில் உன்னைத்தான் தேடியிருப்பார்கள்.

பார்லி வேண்டாம்.

*

கால்கேதோன்,
சூரை இறங்கிய காலம்.

அக்காவுக்குப் பாசியாதஸ். உடம்பு நலம். மற்றதெல்லாம் எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பாறையைப் போர்த்தினோம். மேலிருந்து பார்த்தால் அங்கே பாறை இருப்பதே தெரியவில்லை. கடன் வாங்கிய வலைகளோடு ஊரே கரையில் நின்றது. பரணில் ஏறி நின்றவன், "வருது, வடக்கால கறுப்பாத் தெரியுது" என்றான். நாங்களும் பார்த்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக, கொழுத்து, முதுகு மின்ன. பாறைக்கு நேரே வந்தன. மிரளவில்லை. நான் சொன்னது சரி என்று அந்த ஒரு நொடி நினைத்தேன்.

பிறகு அலட்டிக்கொள்ளாமல் வளைந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டன. வழக்கம்போல. "போகுது" என்றான் பரணில் இருந்தவன். பிறகு இறங்கி வந்துவிட்டான். எங்கள் வலையில் நாலு கடல்பாசி, ஒரு நண்டு.

அந்த வாரமே வடகாற்று அடித்தது. பாய் கிழிந்து போயிற்று. பாறை மறுபடி வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிறது. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு தடவித் தடவி நடக்கின்றன. என் கையில் அப்பிய கீல் போகமாட்டேன் என்கிறது. சாப்பிடும்போதெல்லாம் அந்த வாடைதான். என்னைக் கண்டால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அத்தான் சிரிக்கட்டும். என்ன சொல்லிச் சிரித்தார் என்று எழுது.

*

கால்கேதோன்,
முதல் மழை.

அக்கா, நலமா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மிக்கோஸைக் கேட்டால், "அங்க யாரும் சரியில்லைங்க, என்னக் கேக்காதீங்க" என்று முகத்தைத் திருப்புகிறான்.

அத்தான் திட்டியதை எழுது. குருடன் என்றாரா? எதுவானாலும் எழுது.

*

பைசாந்தியம்,
கார்த்திகை விண்மீன்கள் மறைகிற நாள்.

தம்பிக்கு மெலித்தோ. கடல் மூடுவதற்குள் மிக்கோஸ் ஒரு நடை வருகிறான் என்பதால் எழுதுகிறேன். நீ நலமா? நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

மீன் வந்தது. மீனோடு உன் கீலும் வந்தது. காற்றடித்த அன்று கழி முழுவதும் கறுப்புத் தோலாய் மிதந்தது. வலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் அறுந்தன. கிடைத்த மீனைத் தொட்டியில் போட்டோம். உப்புநீருக்குமேல் எண்ணெயாய் ஏறியது. கொஞ்ச நாளில் திறந்து பார்த்தால் மீனில் கீல் ஊறிப்போயிருந்தது. கப்பல்காரர்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கரையில் கொட்டியதைக் கடற்காக்கைகூடக் கொத்தவில்லை. அது அங்கேயே அழுகியது. புழுவை நான்தான் வாரினேன். நீ நாற்றம் என்று சொன்னாயே, அது நாற்றமே இல்லை தம்பி.

வலையில் ஒரு பாய்த்துண்டு சிக்கியது. அப்பாவின் பாய். கன்னிப்பெண்ணாக இருந்தபோது நான் போட்ட ஒட்டு அதில் இருக்கிறது, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. அத்தான் அதை என்னிடம் நீட்டினார்.

"இது யாரு தையல், மெலித்தோ?"

"தெரியாது."

"நல்லா உத்துப் பாரு."

"தெரியாதுங்கறேன்ல."

அவர் மேலே கேட்கவில்லை.

ருசிக்காகப் பார்லி கேட்டேன் என்று எழுதியது பொய். திரேசியர் கோடையிலேயே எங்கள் வயலை அறுத்துக்கொண்டு மிச்சத்தை எரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அடை சுடவில்லை. மூன்று வேளையும் மீன். மீனைக் கண்டாலே இப்போது எனக்கும் வாந்தி வருகிறது, நீ சந்தோஷப்படலாம். அவர்களுக்குத் தரவேண்டிய பங்கை மீனை விற்றுத் தருவதாக இருந்தது. கெட்ட மீனை யார் வாங்குவார்? அந்த ஆள் வந்தான், மோந்தான், காறித் துப்பினான். தானியமாகத் தரும்வரை பிணை வேண்டும் என்று மோய்ரிஸைக் கூட்டிப்போய்விட்டான்.

நிக்காசோவிடம் நீயே சொல்.

நாலு ஜாடி அனுப்புகிறேன். நாய்க்குப் போடாதே. நாங்கள் இதைத்தான் சாப்பிடுகிறோம். ஜாடியைச் சுற்றியிருக்கும் துணி உன்னுடையது.

*

கால்கேதோன்,
விதைப்பு நாள்.

அக்காவுக்குப் பாசியாதஸ். நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

மாட்டைப் பூட்டி, விதைப் பார்லியை வயலுக்குக் கொண்டுபோயிருந்தேன். மிக்கோஸ் அங்கேயே வந்து கொடுத்தான். துணியை அவிழ்த்ததும் நிக்காசோ தையலைத் தடவிப் பார்த்தாள். கடிதத்தை அவளே படித்தாள். அழவில்லை. மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினாள்.

"விதைய எடுத்தா அடுத்த வருஷம் என்னத்தம்மா அறுக்கறது?" என்றேன்.

"அவரத் திரேசியன் ஆட்டுக் கொட்டில்ல கட்டி வச்சிருப்பான். நீங்க அடுத்த வருஷத்தப் பேசறீங்க" என்றாள். "நானும் போறேன். நாறுனா நாறட்டும், எங்க அத்த வீடுதான்."

விதை முழுவதும் அனுப்பியிருக்கிறேன். அதோடு அவளையும். தலைநிமிர்ந்து கொண்டுவந்து விடுவேன் என்று எழுதியவன் படகுக்குப் பக்கத்தில்கூட நிற்கவில்லை. முகம் காட்ட முடியவில்லை.

என் வீராப்புப் பேச்செல்லாம் தீர்ந்துவிட்டது, அக்கா. ஜாடியைத் திறந்தேன். முதல் துண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும். மூன்றாவது நின்றது. குளிர்காலம் முழுக்க எனக்கும் இதுதான். முதலில் அனுப்பிய ஜாடிகளை நாய்க்குப் போடவில்லை, நாங்கள்தான் சாப்பிட்டோம். அது நன்றாக இருந்தது.

*

பைசாந்தியம்,
மீன்கொத்தி அடைகாக்கும் அமைதி நாள்.

தம்பிக்கு மெலித்தோ. காற்றில்லாத நாளாகப் பார்த்து மிக்கோஸை அனுப்புகிறேன். நீ சுகமா? இங்கே சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

பார்லியை அளந்து வாங்கிக்கொண்டு மோய்ரிஸை விட்டுவிட்டார்கள். தலை முழுக்கப் பேன், உடம்பெல்லாம் ஆட்டுவாடை, எலும்பு தெரிகிறது. நிக்காசோதான் அவன் தலையை மழித்தாள். மூட்டைக்கு அடியில் மிஞ்சியதை அரைத்து அடை சுட்டோம். அத்தான் தன் பங்கில் பாதியை மோய்ரிஸிடம் தள்ளினார். பிறகு மேலாடையின் ஓரத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். போன குளிர்காலத்தில் நான் ஒட்டுப் போட்ட இடம்.

"எனக்கு எழுத்துதான் தெரியாது, மெலித்தோ. வல பின்றவனுக்கு முடிச்சு தெரியாதா? அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். ஒண்ணே போதும்னு விட்டேன்."

 இந்த வருடம் முழுக்க என்னைச் சுற்றி அழுகாமல் இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த முழுநிலாவில் கல்யாணம். அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன் தம்பி வரணும். வர்றவங்களுக்கெல்லாம் ஆடு அடிக்கறேன். அவனுக்கு மட்டும் அந்தக் கீல் மீன் ஒரு ஜாடி எடுத்து வச்சிருக்கேன். எதிர்ல ஒக்காந்து அவன் கடைசித் துண்ட முழுங்கற வரைக்கும் பாப்பேன். வெளிய எடுத்தான்னா மறுபடி மொதல்லேர்ந்து."

 கீல் யாருடைய வேலை என்று ஊரில் யாரிடமும் அவர் உன் பெயரைச் சொல்லவில்லை.

வா. பசுமுனை வரைக்கும்தான் சிரமம், அதற்குமேல் தண்ணீரே கொண்டுவந்து விட்டுவிடும். நீ இப்போது அந்த மீனை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாய் என்று மிக்கோஸ் என்னிடம் சொன்னான். அதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தில் மூன்றாவது துண்டு நின்றது என்ற இடத்தையும் படித்துக் காட்டவில்லை.

அவர் எதிரில் உட்காரும்போது நன்றாக முகம் சுளித்துச் சாப்பிடு.